மை.சிஎன்எஃப் திறந்தால் ஒன்றுமே இல்லையே: லினக்ஸில் மைஎஸ்க்யூஎல் கான்ஃபிக்கை எங்கே எழுதுவது?

ஒரு வாசகரின் கேள்வி இது: உபுண்டு 22.04 லினக்ஸில் மைஎஸ்க்யூஎல் 8.0 டேட்டாபேஸ் சர்வர் போட்டிருக்கிறார். 16 ஜிபி ரேம். அதே மெஷினில் வெப் அப்ளிகேஷனும் ஓடுகிறது. பழைய வழிகாட்டி ஒன்றைப் படித்துவிட்டு மை-ஹியூஜ்.சிஎன்எஃப் என்ற மாதிரிக் கோப்பைத் தேடினால் சிஸ்டத்தில் எங்கும் இல்லை. மை.சிஎன்எஃப் கோப்பைத் திறந்தால் கமெண்டுகளும் இரண்டு வரியும்தான். அதன் கடைசியில் பஃபர் பூல் (டேட்டாபேஸ் ரேமில் பிடித்துவைக்கும் இடம்) அளவை எழுதினார், சர்வர் எழும்பவில்லை. அதை எடுத்துவிட்டு கான்ஃப்.டி டைரக்டரியில் இருந்த மைஎஸ்க்யூஎல்.சிஎன்எஃப் கோப்பில் எழுதினார். சர்வர் எழும்பியது, ஆனால் இப்போது மைஎஸ்க்யூஎல் கிளையண்டே திறக்க மறுக்கிறது. பஃபர் பூல் மட்டும் பழைய 128 எம்பியிலேயே நிற்கிறது. "எந்தக் கோப்பில்தான் எழுதுவது?"

உங்கள் மெஷினைப் பார்க்காமலே சொல்ல முடியும், இரண்டு முறையும் நீங்கள் எழுதிய வரி சரியான வரிதான். எழுதிய இடம்தான் தவறு. உபுண்டுவில் சர்வருக்கான இடம் /இடிசி/மைஎஸ்க்யூஎல்/மைஎஸ்க்யூஎல்.கான்ஃப்.டி/ என்ற டைரக்டரி. அதில் ஏற்கெனவே இருக்கும் கோப்பைத் தொட வேண்டாம். உங்களுக்கென்று ஒரு சின்னக் கோப்பை அங்கே உருவாக்கி, மாற்ற வேண்டிய நாலைந்து வரிகளை மட்டும் அதில் வையுங்கள். ஏன் இப்படி என்பது புரிந்துவிட்டால், நாளை வேறொரு லினக்ஸில், வேறொரு வெர்ஷனில் உட்கார்ந்தாலும் தடுமாற மாட்டீர்கள். அதற்காகத்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். கோப்புப் பெயர்களையும் கமாண்டுகளையும் நாம் வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பழைய மாதிரிக் கோப்புகளின் கதை. ஒரு காலத்தில் மைஎஸ்க்யூஎல் நிறுவினால் கூடவே மை-ஸ்மால், மை-மீடியம், மை-லார்ஜ், மை-ஹியூஜ், மை-இன்னோடிபி-ஹெவி-4ஜி என்று ஐந்து மாதிரிகள் வரும். அவற்றின் தலைப்பில் இருந்த கமெண்டுகளைப் படித்தால் அவை எந்தக் காலத்துக்காரர்களுக்கு எழுதப்பட்டவை என்று தெரியும். ஸ்மால் என்றால் 64 எம்பிக்கு உட்பட்ட ரேம். லார்ஜ் என்றால் 512 எம்பி. ஹியூஜ் என்றால் 1 முதல் 2 ஜிபி. இன்று உங்கள் கைபேசியின் ரேம் அந்த "ஹியூஜ்" மெஷினைவிடப் பெரியது. மைஎஸ்க்யூஎல் 5.6-இல் இவற்றுக்குப் பதிலாக மை-டீஃபால்ட்.சிஎன்எஃப் என்ற ஒரே மாதிரி வந்தது. 5.7.18-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஆகவே தேடி அலைய வேண்டாம், அது இல்லை.

இருந்திருந்தாலும் அதைப் போடாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். மை-ஹியூஜ் கோப்பில் கீ பஃபருக்கு 384 எம்பி ஒதுக்கியிருக்கும். அந்தக் கீ பஃபர் மைஐஎஸ்ஏஎம் என்ற டேபிள் வகையின் இண்டெக்ஸுக்கு மட்டுமே பயன்படுவது. 5.5 வெர்ஷனிலிருந்து டீஃபால்ட் டேபிள் வகை இன்னோடிபி. அதற்கான பஃபர் பூல் வரி அதே மை-ஹியூஜ் கோப்பில் கமெண்டாக, அதாவது முன்னால் ஹேஷ் குறியோடு, தூங்கிக்கொண்டிருக்கும். "ஹியூஜ் போட்டாச்சு, இனி வேகம்தான்" என்று நம்பியவர்கள், தங்கள் டேபிள்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பஃபரைப் பெரிதாக்கிவிட்டு, சம்பந்தமுள்ளதை அப்படியே விட்டிருந்தார்கள். இதை எத்தனையோ சர்வர்களில் பார்த்திருக்கிறேன். கோப்பின் பெயர் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது சர்வர் எதை எந்த வரிசையில் படிக்கிறது என்று பார்ப்போம். இதை எந்த வழிகாட்டியிலும் தேட வேண்டாம், சர்வரையே கேட்கலாம். டெர்மினலில் மைஎஸ்க்யூஎல்டி என்று தட்டி, அதோடு வெர்போஸ், ஹெல்ப் என்ற இரண்டு ஆப்ஷன்களையும் கொடுங்கள். பக்கம் பக்கமாக ஓடும். மேலே போய்ப் பார்த்தால் "டீஃபால்ட் ஆப்ஷன்கள் கீழ்க்கண்ட கோப்புகளிலிருந்து இந்த வரிசையில் படிக்கப்படும்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதற்கு அடுத்த வரியில் பாதைகள். பொதுவாக முதலில் /இடிசி/மை.சிஎன்எஃப், அடுத்து /இடிசி/மைஎஸ்க்யூஎல்/மை.சிஎன்எஃப், கடைசியில் ஹோம் டைரக்டரியில் புள்ளியோடு தொடங்கும் .மை.சிஎன்எஃப். ஒரே ஆப்ஷன் இரண்டு இடத்தில் இருந்தால் பின்னால் படிக்கப்பட்டதே நிற்கும். முன்னால் படித்ததைப் பின்னால் வந்தது அழித்துவிடும். இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. சர்வர் எந்த யூசராக ஓட வேண்டும் என்ற ஆப்ஷனுக்கு மட்டும் முதலில் வந்ததுதான் செல்லும். பின்னால் வரும் ஒரு கோப்பில் யாரோ ரூட் என்று எழுதிச் சர்வரை ரூட்டாக ஓட்டிவிடக் கூடாதே என்ற பாதுகாப்பு.

உபுண்டுவில் /இடிசி/மைஎஸ்க்யூஎல்/மை.சிஎன்எஃப் என்பது உண்மையில் கோப்பே அல்ல, ஒரு சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு. எல்எஸ் கமாண்டை எல் ஆப்ஷனோடு போட்டுப் பாருங்கள், அது ஆல்டர்னேடிவ்ஸ் டைரக்டரி வழியாகச் சுற்றி மைஎஸ்க்யூஎல்.சிஎன்எஃப் கோப்பில் போய் முடியும். காரணம், மைஎஸ்க்யூஎல், அதிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபி இரண்டும் அதே பெயரைத் தேடுகின்றன. எது நிறுவப்பட்டிருக்கிறதோ அதன் கோப்பை நோக்கி லிங்க் திரும்பிக்கொள்ளும். அந்தக் கோப்பில் நீங்கள் பார்த்த இரண்டு வரிகள் இன்க்ளூட்டிர் கட்டளைகள், அதாவது "கான்ஃப்.டி டைரக்டரியில் உள்ளதைப் படி, பிறகு மைஎஸ்க்யூஎல்.கான்ஃப்.டி டைரக்டரியில் உள்ளதைப் படி" என்பவை. விஷயம் எல்லாம் அந்த இரண்டு டைரக்டரிகளில் இருக்கிறது.

உங்கள் முதல் தவறு இங்கே நடந்தது. மைஎஸ்க்யூஎல் கான்ஃபிக்கில் ஒவ்வொரு வரியும் ஏதாவது ஒரு குழுவின் கீழ் இருக்க வேண்டும். சதுர அடைப்புக்குறிக்குள் மைஎஸ்க்யூஎல்டி என்று எழுதினால் அதற்குக் கீழே வருவது சர்வருக்கு. வெறும் மைஎஸ்க்யூஎல் என்றால் அந்தக் கமாண்ட்லைன் கிளையண்டுக்கு. கிளையண்ட் என்றால் டம்ப் எடுக்கும் கருவி உட்பட எல்லாக் கிளையண்டுகளுக்கும். உபுண்டுவின் மை.சிஎன்எஃப்-இல் குழுத் தலைப்பே கிடையாது. அதன் கடைசியில் வரியை மொட்டையாக ஒட்டினால், "குழு இல்லாமல் ஆப்ஷன் இருக்கிறது" என்று கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் சொல்லிவிட்டு சர்வர் நின்றுவிடும். சிஸ்டம் லாக்கைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் போட்டுப் பார்த்திருந்தால் அந்த வரி கிடைத்திருக்கும்.

இரண்டாவது தவறுக்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன், பெயர்தான் ஏமாற்றுகிறது. கான்ஃப்.டி-யில் இருக்கும் மைஎஸ்க்யூஎல்.சிஎன்எஃப் கோப்பில் ஒரே ஒரு தலைப்புதான் உண்டு, வெறும் மைஎஸ்க்யூஎல் என்று. கடைசியில் 'டி' இல்லை. டெர்மினலில் தட்டுகிறோமே, அந்தக் கிளையண்டுக்கான தலைப்பு அது. அதன் கீழ் பஃபர் பூல் அளவை எழுதியதும் சர்வர் அந்த வரியைக் கண்டுகொள்ளவே இல்லை, அது தனக்கானது அல்ல என்று தாண்டிப் போய்விட்டது. கிளையண்டோ "இப்படி ஒரு வேரியபிளே எனக்குத் தெரியாது" என்று நின்றுவிட்டது. ஒரு எழுத்துதான் வித்தியாசம். வேலை தெரிந்தவர்களும் இதில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வரியை முதலில் அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்போது மைஎஸ்க்யூஎல்.கான்ஃப்.டி-க்குள் போனால் மைஎஸ்க்யூஎல்டி.சிஎன்எஃப் என்று ஒரு கோப்பு இருக்கும். 'டி' உள்ளது. சர்வரின் டீஃபால்ட் கோப்பு என்று சொன்னால் உபுண்டுவில் இதுதான். அதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பாதி வரிகள் கமெண்ட். உயிரோடு இருக்கும் சிலவற்றில் முக்கியமானது பைண்ட்-அட்ரஸ், 127.0.0.1 என்று இருக்கும். அதாவது இந்த மெஷினுக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்றுக்கொள். இது மைஎஸ்க்யூஎல்லின் சொந்த டீஃபால்ட் அல்ல. சோர்ஸில் உள்ள டீஃபால்ட் நட்சத்திரக் குறி, எல்லா நெட்வொர்க் முகவரியிலும் காது கொடு என்று பொருள். டெபியன், உபுண்டு பேக்கேஜ் செய்பவர்கள் நம் நன்மைக்காக இந்த ஒரு வரியைச் சேர்த்து அனுப்புகிறார்கள். ஒரு கோப்பு எவ்வளவு எளிமையாகத் தெரிந்தாலும் அதில் என்னென்ன நம்மைக் காத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் அழிக்கக் கூடாது என்பதற்கு இந்த வரிதான் நான் எப்போதும் காட்டும் உதாரணம்.

அதை எனக்கு உறைக்க வைத்த சம்பவம் ஒன்று. ஒரு மொத்த வியாபார நிறுவனம், 32 ஜிபி ரேம் உள்ள சர்வர், மாதக் கடைசியில் கணக்கு ரிப்போர்ட் எடுத்தால் மெஷின் திணறுகிறது என்று கூப்பிட்டார்கள். கான்ஃபிக்கைத் திறந்தேன். பஃபர் பூல் 20 ஜிபி என்று அழகாக, சரியான குழுவின் கீழ் எழுதியிருந்தது. சர்வரைக் கேட்டால் 128 எம்பி என்கிறது. எனக்கே ஒரு நிமிஷம் ஓடவில்லை. பிறகுதான் டெர்மினலில் மேலே உருண்டு போயிருந்த ஒரு வரியைக் கவனித்தேன். கிளையண்டைத் திறக்கும்போதெல்லாம் வந்துகொண்டிருந்த எச்சரிக்கை அது: "யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய கான்ஃபிக் கோப்பு, ஆகவே புறக்கணிக்கப்பட்டது." முன்பு யாரோ எடிட்டரில் சேவ் ஆகவில்லை என்று மொத்த டைரக்டரிக்கும் 777 பெர்மிஷன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மைஎஸ்க்யூஎல் அப்படிப்பட்ட கோப்பைத் தொடாது. எவர் வேண்டுமானாலும் எழுதக்கூடிய கோப்பை நம்பி டேட்டாபேஸை ஓட்டுவது ஆபத்து என்று அதை ஒதுக்கிவிட்டு, தன் உள்ளே இருக்கும் டீஃபால்ட்டோடு எழும்பிவிடும்.

மெதுவாக ஓடியதுகூடப் பெரிதல்ல. நெட்வொர்க் இணைப்புகளைக் காட்டும் எஸ்எஸ் கமாண்டைப் போட்டு, மைஎஸ்க்யூஎல்லின் 3306 போர்ட்டைப் பார்த்தேன். 127.0.0.1 இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறி. கான்ஃபிக் ஒதுக்கப்பட்டபோது பஃபர் பூலோடு பைண்ட்-அட்ரஸ் வரியும் சேர்ந்தே போய்விட்டது. அத்தனை நாளும் அந்த டேட்டாபேஸ் எல்லா இன்டர்ஃபேஸிலும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தினமும் அந்த எச்சரிக்கை எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தது. கோப்புக்கு 644, டைரக்டரிக்கு 755 (இரண்டிலும் உரிமையாளர் மட்டுமே எழுத முடியும்), இரண்டுக்கும் உரிமையாளர் ரூட். இதை மாற்றி ரீஸ்டார்ட் செய்ததில் இரண்டு பிரச்சினையும் ஒன்றாகத் தீர்ந்தது. உங்கள் கோப்புக்கும் அதே பெர்மிஷன்தான் வைக்க வேண்டும்.

ஆகவே, கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். சர்வர் எதை ஏற்றுக்கொண்டது, எங்கிருந்து ஏற்றுக்கொண்டது என்று கேளுங்கள். 8.0-இல் இதற்கு அருமையான வசதி இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவில் வேரியபிள்ஸ்_இன்ஃபோ என்று ஒரு டேபிள். அதில் வேரியபிள் பெயரைக் கொடுத்து செலக்ட் செய்தால், சோர்ஸ், பாத் என்று இரண்டு தகவல்கள் கிடைக்கும். சோர்ஸ் "கம்பைல்ட்" என்று வந்தால் யாரும் எங்கும் அதை மாற்றவில்லை, சர்வருக்குள் எழுதப்பட்ட டீஃபால்ட்தான் ஓடுகிறது. "குளோபல்" என்று வந்து, பாத்தில் ஒரு கோப்பின் முழுப் பாதை இருந்தால், அந்தக் கோப்பிலிருந்துதான் வந்தது. "டைனமிக்" என்றால் யாரோ ஓடும்போதே செட் செய்திருக்கிறார்கள். "பெர்சிஸ்டட்" என்றால் நீங்கள் தேட வேண்டிய இடமே வேறு.

அந்த வேறு இடம் டேட்டா டைரக்டரி, /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல். அங்கே மைஎஸ்க்யூஎல்டி-ஆட்டோ.சிஎன்எஃப் என்ற கோப்பு இருக்கலாம். செட் பெர்சிஸ்ட் என்ற கட்டளையால் மாற்றிய மதிப்புகளைச் சர்வர் தானே ஜேசன் வடிவில் அதில் எழுதிவைக்கிறது. எல்லாக் கோப்புகளுக்கும் பிறகு படிக்கப்படுவதால் அதுவே கடைசி வார்த்தை. முன்பிருந்த அட்மின் யாராவது செட் பெர்சிஸ்ட் செய்திருந்தால், நீங்கள் /இடிசி-யில் எத்தனை முறை எழுதி ரீஸ்டார்ட் செய்தாலும் ஒன்றும் மாறாது. அதைக் கையால் திருத்த வேண்டாம், ரீசெட் பெர்சிஸ்ட் என்று வேரியபிள் பெயரைச் சொன்னால் சர்வரே நீக்கிவிடும்.

மரியாடிபி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செட் பெர்சிஸ்ட் மைஎஸ்க்யூஎல் 8.0-உடன் வந்த வசதி, மேலே சொன்ன டேபிளும் மைஎஸ்க்யூஎல்லுடையது. மரியாடிபியில் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவின் சிஸ்டம்_வேரியபிள்ஸ் டேபிளைப் பாருங்கள். மதிப்பு எங்கிருந்து வந்தது என்ற தகவல் அதில் உண்டு, 10.5 முதல் கோப்பின் பாதையும் கிடைக்கும். டெபியன் 9 வெளியான 2017 முதல் டெபியனில் டீஃபால்ட் மரியாடிபிதான் என்பதால், "மைஎஸ்க்யூஎல் போட்டேன்" என்று சொல்லும் டெபியன்காரர்கள் பலரிடம் உண்மையில் ஓடுவது அதுதான். அங்கே சர்வரின் கோப்பு /இடிசி/மைஎஸ்க்யூஎல்/மரியாடிபி.கான்ஃப்.டி/50-சர்வர்.சிஎன்எஃப். பெயரின் முன்னால் எண் இருப்பது வரிசைக்காக. உங்களுடையதை 99 என்று தொடங்கினால் கடைசியில் படிக்கப்படும். ரெட்ஹேட் குடும்பத்தில் /இடிசி/மை.சிஎன்எஃப், அதிலிருந்து /இடிசி/மை.சிஎன்எஃப்.டி டைரக்டரி. வேறு எதுவும் மாறவில்லை.

சரி, கோப்பை உருவாக்குவோம். உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல்.கான்ஃப்.டி-க்குள் உங்கள் அப்ளிகேஷன் பெயரில், இசட்இசட் என்று முன்னொட்டு வைத்து உருவாக்குங்கள். பெயர் .சிஎன்எஃப் என்று முடிந்தே ஆக வேண்டும். .கான்ஃப் என்று முடிந்தால் சர்வர் எட்டிக்கூடப் பார்க்காது, பிழையும் சொல்லாது. ஒரு எச்சரிக்கை: டைரக்டரிக்குள் கோப்புகள் எந்த வரிசையில் படிக்கப்படும் என்பதற்கு மைஎஸ்க்யூஎல் கையேடு உத்தரவாதம் தருவதில்லை. ஆகவே பெயர் வரிசையை மட்டும் நம்பாமல், மாற்றிய பிறகு வேரியபிள்ஸ்_இன்ஃபோவில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் நிலைமைக்கு நான் எழுதும் கோப்பு இவ்வளவுதான்:

[மைஎஸ்க்யூஎல்டி]
இன்னோடிபி_பஃபர்_பூல்_சைஸ் = 6ஜி
இன்னோடிபி_ரீடூ_லாக்_கெபாசிட்டி = 1ஜி

பஃபர் பூல் என்பது டேபிள், இண்டெக்ஸ் பக்கங்களை ரேமில் வைத்திருக்கும் இடம். டேட்டாபேஸுக்கென்றே தனி மெஷின் என்றால் ரேமில் முக்கால் பங்கு வரை கொடுக்கலாம். 8.0-இல் இன்னோடிபி_டெடிகேட்டட்_சர்வர் என்ற ஆப்ஷனைப் போட்டால், 4 ஜிபிக்கு மேல் உள்ள மெஷினில் அதுவே 0.75 பங்கு எடுத்துக்கொள்ளும். உங்கள் மெஷினில் வெப் அப்ளிகேஷனும் இருப்பதால் அதைப் போடாதீர்கள். இரண்டும் ரேமுக்கு அடித்துக்கொண்டால் கெர்னல் ஒருவரைக் கொன்றுவிடும், பெரும்பாலும் அதிக ரேம் வைத்திருக்கும் டேட்டாபேஸைத்தான். 6 ஜிபியில் தொடங்கி ஒரு வாரம் கவனியுங்கள்.

அளவை எழுதும்போது 6ஜி என்று நிறுத்துங்கள். கோப்பில் எழுத வேண்டிய பின்னொட்டு ஜி என்ற ஒற்றை எழுத்துதான், ஜிபி அல்ல. அதே அளவை ஓடும்போது செட் குளோபல் மூலம் மாற்றினால் ஜி, எம் எழுத்துகள் செல்லாது, பைட்டில் சொல்ல வேண்டும், அல்லது 6*1024*1024*1024 என்று பெருக்கலாக எழுத வேண்டும். அந்தப் பெருக்கல் கோப்பில் செல்லாது. இந்த நேர்மாறு எத்தனை வருஷம் ஆனாலும் மறந்துவிடும், அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

ரீடூ லாக் என்பது டேட்டாவில் செய்யும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவு. ரீடூ லாக் கெபாசிட்டி என்ற பெயர் 8.0.30-இல் வந்தது, டீஃபால்ட் 100 எம்பி. எழுத்து அதிகம் உள்ள அப்ளிகேஷனுக்கு அது குறைவு. அதற்கு முந்தைய வெர்ஷன் என்றால் லாக் ஃபைல் சைஸ் என்ற பழைய ஆப்ஷன். 5.5 காலத்தில் அந்த அளவை மாற்ற வேண்டுமென்றால் சர்வரை ஒழுங்காக நிறுத்தி, பழைய லாக் கோப்புகளை நகர்த்திவிட்டுத்தான் எழுப்ப வேண்டும், இல்லையென்றால் அளவு பொருந்தவில்லை என்று இன்னோடிபி எழும்பாது. பழைய பதிவுகளில் "ஐபி_லாக்ஃபைல்களை அழி" என்று இருப்பது அந்தக் காலத்து மிச்சம். இன்று அதைச் செய்தால் டேட்டாவுக்கே ஆபத்து. தயவுசெய்து அந்த அறிவுரையைக் கேட்காதீர்கள்.

மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் டீஃபால்ட் 151. இணைப்பு போதவில்லை என்ற பிழை வராதவரை தொடாதீர்கள். இன்னோடிபி_ஃப்ளஷ்_லாக்_அட்_டிஆர்எக்ஸ்_கமிட் ஆப்ஷனை 2 ஆக்கினால் வேகம் கூடும் என்று சொல்வார்கள். கூடும், உண்மை. ஆனால் மின்சாரம் போனால் கடைசி ஒரு நொடி அளவுக்குக் கமிட் ஆனவை காணாமல் போகலாம். டீஃபால்ட் 1 என்பதில் நம் டேட்டாவின் மீதான அக்கறை இருக்கிறது. பணம் சம்பந்தப்பட்ட டேபிள் இருந்தால் அதை மாற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.

பழைய வழிகாட்டியிலிருந்து எதையும் அள்ளிப் போடாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணம், நீக்கப்பட்ட ஆப்ஷன்கள். க்வெரியின் முடிவுகளைச் சேமித்துவைக்கும் க்வெரி கேஷ் 8.0-இல் முழுவதும் எடுக்கப்பட்டுவிட்டது. க்வெரி_கேஷ்_சைஸ் என்று ஒரு வரி கோப்பில் இருந்தாலே தெரியாத வேரியபிள் என்று 8.0 எழும்ப மறுக்கும். மை-ஹியூஜ் கோப்பில் அந்த வரியும் உண்டு, 5.7-இல் போய்விட்ட த்ரெட்_கன்கரன்ஸியும் உண்டு. அதை அப்படியே போட்டிருந்தால் உங்கள் சர்வர் இரண்டு முறை விழுந்திருக்கும். நாளை 8.4-க்குப் போகும்போது டீஃபால்ட்_ஆதென்டிகேஷன்_ப்ளகின் என்ற வரியும் அதேபோல் விழ வைக்கும். எழுதிய ஒவ்வொரு வரியும் அடுத்த அப்கிரேடில் நாம் பதில் சொல்ல வேண்டிய வரி.

நாம் தமிழில் டேட்டா வைப்பவர்கள் என்பதால் கேரக்டர் செட்டைப் பற்றி, அதாவது எழுத்துகளை எந்த முறையில் சேமிப்பது என்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 5.7 வரை டீஃபால்ட் லத்தீன்1. அதில் தமிழுக்கு இடமே இல்லை. பொருந்தாத மதிப்பை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் இல்லாத பழைய சர்வர்களில் தமிழ்ப் பெயர்கள் வரிசையாகக் கேள்விக்குறிகளாகப் பதிவாகிவிடும். அப்படிப் பதிந்ததை மீட்க வழியில்லை, மூல எழுத்தே அங்கே இல்லை. 8.0-இல் டீஃபால்ட் யூடிஎஃப்8எம்பி4 ஆனது. ஆகவே புதிய சர்வரில் இதற்காக ஒரு வரியும் எழுதத் தேவையில்லை. ஆனால் பழைய கோப்பிலிருந்து கேரக்டர்-செட்-சர்வர் என்ற வரி நகலாகி வந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதில் வெறும் யூடிஎஃப்8 என்று இருந்தால் அது எழுத்துக்கு 3 பைட் வரை மட்டும் கொள்ளும் வகை. நம் வழக்கமான தமிழ் எழுத்துகள் சரியாக 3 பைட் என்பதால் எல்லாம் ஒழுங்காக ஓடுவதுபோல் தெரியும். யாராவது ஒரு எமோஜி போட்டதும் உடையும். எமோஜி மட்டுமல்ல, 2019-இல் யூனிகோட் 12.0-இல் சேர்க்கப்பட்ட தமிழ் சப்ளிமெண்ட் பகுதியும், அதாவது பழைய பின்ன எண்களும் அளவைக் குறிகளும், 4 பைட் கேட்பவை. ஓலைச்சுவடியோ பழைய கணக்கேடுகளோ டேட்டாபேஸில் ஏற்றுகிறவர்களுக்கு இது நேரடியாக வலிக்கும். இன்னொன்று, சர்வர் டீஃபால்ட்டை மாற்றுவது இனி உருவாகும் டேட்டாபேஸ்களுக்கு மட்டும். இருக்கும் டேபிள்கள் பிறந்தபோது இருந்ததிலேயே இருக்கும். அவற்றை ஆல்டர் டேபிள் மூலம் தனித்தனியாக மாற்ற வேண்டும்.

கோப்பில் எழுதினாலும் பிறகு மாற்ற முடியாத ஒன்றும் உண்டு. டேபிள் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைத் தீர்மானிக்கும் லோயர்_கேஸ்_டேபிள்_நேம்ஸ். 8.0-இல் டேட்டா டைரக்டரி முதன்முதலில் உருவாகும்போது என்ன இருந்ததோ அதுதான். விண்டோஸில் எழுதிய அப்ளிகேஷனை லினக்ஸுக்குக் கொண்டுவருகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். பிறகு மாற்றி எழுதினால் சர்வருக்கும் டேட்டா டிக்‌ஷனரிக்கும் ஒத்துப்போகவில்லை என்று நின்றுவிடும். நிறுவும்போதே முடிவெடுக்க வேண்டியது.

பேக்கேஜின் கோப்பைத் தொடாதே என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அப்கிரேடின்போது டெபியனும் உபுண்டுவும் நீங்கள் அந்தக் கோப்பை மாற்றியிருப்பதைக் கண்டு, உங்களுடையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று கேட்கும். இரவு 11 மணிக்கு மெயின்டனன்ஸ் நேரத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது நரகம். பழையதை வைத்தால் புதிய வெர்ஷனில் நீக்கப்பட்ட வரி இருக்கலாம். புதியதைப் போட்டால் உங்கள் பஃபர் பூல் போய்விடும். ரெட்ஹேட் கேட்காது, சத்தமில்லாமல் ஆர்பிஎம்நியூ என்ற பின்னொட்டோடு புதிய கோப்பைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகும். உங்கள் வரிகள் தனிக் கோப்பில் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. அந்தக் கோப்பின் மேலேயே தேதியும் காரணமும் ஒரு கமெண்டாக எழுதுங்கள். அடுத்து வருகிறவருக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அது.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்கிறேன். உபுண்டுவில் அதன் கான்ஃபிக் வெர்ஷன் எண்ணும் கிளஸ்டர் பெயரும் கொண்ட டைரக்டரியில் இருக்கும், /இடிசி/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/14/மெயின் என்பதுபோல. ரெட்ஹேட்டில் டேட்டா டைரக்டரிக்குள்ளேயே. எங்கே என்று சந்தேகம் வந்தால் ஷோ கான்ஃபிக்_ஃபைல் என்று கேட்டால் போதும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கான்ஃப் கோப்பில் ஒரே ஆப்ஷன் இரண்டு முறை வந்தால் கடைசியில் வருவதே செல்லும். ஆனால் யார் எங்கிருந்து நுழையலாம் என்று சொல்லும் பிஜி_எச்பிஏ.கான்ஃப் கோப்பில் மேலிருந்து கீழே பார்த்து முதலில் பொருந்தும் வரியே முடிவு. கீழே எவ்வளவு கறாராக எழுதினாலும், மேலே தளர்வான ஒரு வரி இருந்தால் கதவு திறந்துதான் இருக்கும். அளவு எழுதுவதும் தலைகீழ், அங்கே ஜிபி என்று முழுதாக எழுத வேண்டும், வெறும் ஜி செல்லாது.

இனி உங்கள் வேலை. கான்ஃப்.டி-யில் உள்ள மைஎஸ்க்யூஎல்.சிஎன்எஃப்-இல் சேர்த்த வரியை எடுங்கள். மேலே சொன்ன மூன்று வரிக் கோப்பை உருவாக்கி 644 பெர்மிஷன் கொடுங்கள். நேராக ரீஸ்டார்ட்டுக்குப் போகாமல், ரூட்டாக இருந்து மைஎஸ்க்யூஎல்டி-யை வேலிடேட்-கான்ஃபிக் ஆப்ஷனோடு ஓட்டுங்கள், யூசர் ஆப்ஷனில் மைஎஸ்க்யூஎல் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 8.0.16 முதல் இருக்கும் வசதி, ஓடும் சர்வரைத் தொடாமல் தெரியாத ஆப்ஷன் இருந்தால் சொல்லிவிடும். ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தால் கோப்பு சரி. பிறகு கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். மை.சிஎன்எஃப் ஸ்டார்ட் ஆகும்போது மட்டுமே படிக்கப்படுவது, ரீலோட் எதற்கும் உதவாது. எழும்பியதும் வேரியபிள்ஸ்_இன்ஃபோவில் பஃபர் பூலைக் கேளுங்கள். பாத் என்ற இடத்தில் நீங்கள் உருவாக்கிய கோப்பின் பெயர் வர வேண்டும். வராவிட்டால் அங்கே என்ன வருகிறதோ அதை அப்படியே நகலெடுத்து எனக்கு அனுப்புங்கள், அடுத்து எங்கே தேடுவது என்று அந்த ஒரு வரியிலிருந்தே சொல்லிவிடலாம்.